பாலில் இறங்கிய எட்டி

அந்தக் கெமிஸ்டை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு தவளையின் முதுகைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். தவளை விறைத்தால் ஜெயில், விறைக்காவிட்டால் வீடு என்று அந்தப் போலீஸ்காரர் பஸ்ஸில் வரும்போதே எங்களுக்கு விளக்கிவிட்டிருந்தார். அதனால் சாமியையெல்லாம் விட்டுவிட்டு நான் தவளையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். குச்சி பட்டதும் அது நாலு காலையும் நீட்டி விறைத்துக்கொண்டது.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். என் வீட்டுக்காரர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வைத்தியம் பார்த்தார். கைராசிக்காரர் என்று பெயர். குணத்திலும் தங்கம்தான், ஒன்றைத் தவிர. அவரை என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போவார். அவர் மருந்தைக் குறை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். என் குழம்பில் உப்பில்லை என்று அவர் சொல்லலாம். அவர் லேகியத்தில் இனிப்புத் தூக்கல் என்று நான் சொல்லக் கூடாது.

அவர் மருந்துகளில் பேர்போனது எட்டிக்கொட்டை மாத்திரை. கால் மரத்துப்போனவர்கள், வாதம் வந்து படுத்தவர்கள் எல்லாம் அதற்காகத் தேடி வருவார்கள். எட்டி எங்கள் பக்கத்துக் கோயில் காடுகளில் தானாக வளரும் மரம். பழம் பார்க்க ஆரஞ்சுப் பழம்போல அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் கொட்டை விஷம். அதை அப்படியே அரைத்துக் கொடுத்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சுத்தி செய்துதான் மருந்தாக்க வேண்டும். பசும்பாலில் போட்டு வேகவைத்து, அந்தப் பாலைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுப் பால் ஊற்றி, இப்படி மூன்று தடவை வேகவைத்து, மேல்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் முளையைக் கிள்ளி எறிந்து, நெய்யில் வறுத்து எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அது என் வேலை. கொட்டிய பாலை நாய் பூனை நக்கிவிடாமல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்து, மேலே முள்ளை வெட்டிப் போட வேண்டும். நல்ல பாலை இப்படி மண்ணில் ஊற்றுகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றுவேன்.

கீரமங்கலம் சந்தைக்குக் கடலை மூட்டையும் கட்டுமாவடியிலிருந்து கருவாடும் ஏற்றி வரும் வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். வலது கால் மரத்துப்போய், வண்டியிலிருந்து இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையில் கால் தேறி, நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பூசணிக்காய் கொடுத்துவிட்டுப் போனார். மிச்ச மாத்திரையையும் சாப்பிட்டு முடித்துவிடச் சொல்லி இவரும் அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவர் பெண்சாதி வழக்கம்போல மாத்திரையைத் தேனில் குழைத்து நாக்கில் தடவியிருக்கிறாள். விடியற்காலையில் அவருக்குத் தாடை இறுகிவிட்டது. வாய் திறக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்து இழுத்தது. அப்படியே போய்விட்டார்.

எட்டி விஷமும் அப்படித்தான் இழுக்கும். ஊருக்கு வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் உடம்பை எரித்துவிட்டார்கள். இறந்தவரின் தம்பி போலீஸில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்சாதி எங்கள் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. மண்ணைத் தூற்றிவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. பூசணிக்காய் கொண்டுவந்த வீட்டிலிருந்து மண் வருகிறதே என்று.

விசாரணை மாஜிஸ்திரேட்டிடம் போயிற்று. உடம்பு சாம்பலாகிவிட்டதால் மாத்திரைதான் சாட்சி. இறந்தவர் வீட்டுத் தகர டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளைப் போலீஸார் எடுத்து அரக்கு வைத்தார்கள். யுத்தச் சமயத்தில் மதராஸுக்கு அனுப்பினால் எப்போது பதில் வரும் என்று சொல்ல முடியாது. டவுனில் மருந்துச் சரக்கு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனி இருந்தது. எட்டிக்கொட்டையில் எவ்வளவு சத்து இருக்கிறது, நிலாவாரையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் அவர்கள் ஏற்றுமதி செய்வார்கள். அதற்கென்று பின்கட்டில் ஒரு லேபரட்டரியும் ஒரு கெமிஸ்டும் வைத்திருந்தார்கள். அந்தக் கெமிஸ்டிடமே சோதிக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே மருந்தில் கொஞ்சம் வைத்தியரும் தர வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் இருப்பு தீர்ந்திருந்தது. புதிதாகச் செய்து தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். நான் அந்தச் சமயம் என் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து என்று பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் இவர் மாத்திரை உருட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

பிறகுதான், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓட்டிய அந்தப் பஸ்ஸும் தவளையும்.

தவளை விறைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த மனிதர் முகத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு திருப்தி தெரிந்தது. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்ட அப்பன் முகம். ஜெயிலுக்குப் போகப்போகிறவன் இப்படி நிற்பானா என்று எனக்குச் சந்தேகம் முளைத்தது அங்கேதான்.

கெமிஸ்ட் அவர் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். திருச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஒடிசலான ஆள், சட்டையெல்லாம் திராவகம் தெறித்த பொத்தல். ஒரு கண்ணாடித் தொட்டியை இழுத்து எங்கள் முன்னால் வைத்தார். அதில் இன்னொரு தவளை சுகமாக உட்கார்ந்து தொண்டையை அசைத்துக்கொண்டிருந்தது.

“இது செத்தவர் வீட்டு மாத்திரையில எடுத்த சாரம் போட்டது. அது நீங்க குடுத்தனுப்புன மாத்திரையில எடுத்தது. ரெண்டும் ஒரே மருந்துன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே” என்றார்.

போலீஸ்காரருக்குக் கொண்டாட்டம். வைத்தியர் கையிலிருந்து வந்ததில் விஷம் இருக்கிறதல்லவா, அப்புறம் என்ன என்று கேட்டார். கெமிஸ்ட் என்னையும் இவரையும் மைக்ராஸ்கோப்பிடம் கூப்பிட்டார். முதலில் இவர் அனுப்பிய மாத்திரைத் தூள். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் பார்த்தேன். பூனை மயிர்போல நீள நீளமாக என்னென்னவோ கிடந்தது. எட்டிக்கொட்டையின் மேல்தோலில் இருக்கும் பட்டுப்போன்ற முடி அது என்றார். அடுத்தது இறந்தவர் வீட்டு மாத்திரை. அதில் எவ்வளவு தேடினாலும் ஒரு முடி இல்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தோல் உரிக்காத கொட்டையில்தான் முடி இருக்கும். பாலில் வேகாத கொட்டையில் தோல் உரியாது.

“ஏங்க, நீங்க சுத்தி பண்ணுனீங்களா, இல்லையா?” என்று கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்தார். ஆண்பிள்ளைகள் கூரையைப் பார்த்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

“இல்ல” என்றார் கடைசியில். “திங்கிறதுக்கா கேட்டாங்க? சோதிக்கத்தானே கேட்டாங்க. சுத்தி பண்ணுனா வீரியம் அடங்கிப் போகும். மருந்துல ஒண்ணுமே இல்ல, மண்ணும் வெல்லமும்னு எழுதிட்டாங்கன்னா? கொலைகாரன்னு சொன்னாலும் தாங்கிக்குவேன். போலி வைத்தியன்னு சொன்னாத் தாங்க மாட்டேன்.”

அதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச காலத்துக்கு முன் ஆலங்குடிப் பக்கத்து வைத்தியர் ஒருவரின் லேகியத்தை யாரோ எங்கேயோ சோதித்து, அதில் வெல்லத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர் சந்தையில் தலை காட்ட முடியாமல் ஊரைவிட்டே போனார். அதிலிருந்து எங்கள் பக்கத்து வைத்தியர்கள் எல்லோருக்கும் லேபரட்டரி என்றால் ஒரே ஒரு பயம்தான்: சத்து இல்லை என்று சொல்லிவிடுவார்களோ. சத்து இருக்கிறது என்று சொன்னால் கழுத்துக்குக் கயிறு என்பது இவர் புத்தியில் ஏறவில்லை. எங்கள் ஊர் வைத்தியரைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவனும் கொலைக் கேஸில் தன் மருந்தின் மானத்தைக் காப்பாற்றியிருக்க மாட்டான். அந்த இடத்தில் நான் அவரைத் திட்டிய திட்டுக்குப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

திட்டி முடித்ததும் அடுத்த வேலை கெஞ்சுவது. கெமிஸ்டின் முன்னால் போய் நின்றேன். இவர் அனுப்பியது மருந்தே இல்லை, புத்திக்கோளாறில் உருட்டியது, அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு இறந்தவர் வீட்டு மாத்திரையைப் பற்றி மட்டும் கோர்ட்டில் சொல்லுங்கள் என்று கேட்டேன். அதில் பொய் எதுவும் இல்லையே என்றும் சொன்னேன்.

“வந்தது ரெண்டு. ரெண்டையும்தான் சொல்லுவேன்” என்றார்.

“அப்ப இவரு ஜெயிலுக்குத்தான் போகணுமா?”

“அது என் கிண்ணத்துல தெரியாதும்மா” என்றார், சோதிக்கும் பீங்கான் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே.

கல்லு. ஈவிரக்கமில்லாத கல்லு என்று நினைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே நினைத்துவிட்டேன்போல. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சுத்தி என்றால் என்ன செய்வீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். நான் சொன்னதை ஒரு இடத்திலும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், சொன்னது போதாது, இங்கேயே செய்து காட்ட வேண்டும் என்றார்.

மறுநாளிலிருந்து அந்தப் பின்கட்டு என் அடுப்படி ஆயிற்று. டவுனில் என் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் போய்விடுவேன். கம்பெனிக் கிடங்கிலிருந்து எட்டிக்கொட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரு பங்கைப் பச்சையாகத் தனியே வைத்துக்கொண்டார். பால் பக்கத்து வீட்டு மாட்டில் கண்ணெதிரே கறந்தது. என் மண்சட்டியைக் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார். முன்பு வெந்த எட்டி அதில் ஊறியிருக்கும் என்று. கண்ணாடிப் பாத்திரத்தில், ஸ்டவ்வின் மேல் வைத்து, நான் எட்டியை வேகவைத்தேன். கண்ணாடிக்குள் பால் பொங்குவதைப் பக்கவாட்டில் பார்ப்பது எனக்குப் புதுசு. கொஞ்ச நேரம் கேஸைக்கூட மறந்துவிட்டேன்.

முதல் பால் வெந்ததும் வழக்கம்போல வடித்தேன். எங்கே புதைக்கலாம் என்று கேட்டேன்.

“புதைக்காதீங்க. அதுதான் எனக்கு வேணும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாலை ஒரு பாத்திரத்தில் வைத்து மூடினார். இரண்டாவது பாலையும் அப்படியே. மூன்றாவதையும். உரித்த தோல் தனி, கிள்ளிய முளை தனி, வறுத்த பருப்பு தனி. நான் காலங்காலமாகக் குழியில் கொட்டி முள் போட்டு மூடிய சமாசாரங்களையெல்லாம் அவர் கல்யாணச் சீர்போல வரிசையாக அடுக்கிவைத்தார்.

அப்புறம் அவர் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலிருந்தும் சாரத்தை எடுத்தார். மற்றதெல்லாம் சுலபமாக வந்தது. பாலில் இருக்கும் கொழுப்பு அவரைப் படாதபாடு படுத்தியது. குலுக்குவார், தெளிய வைப்பார், தெளியாது. முகத்தில் எரிச்சலே காட்டாமல் மறுபடி குலுக்குவார். நான் என்றால் பாத்திரத்தோடு ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். கடைசியில் சாரத்தை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் காயவைத்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, ஆரஞ்சு நிறத்தில் கல்கண்டுபோல இருந்த ஒரு துணுக்கை அதில் வைத்துக் குச்சியால் மெல்ல இழுத்தார். இழுத்த வழியெல்லாம் கத்தரிப்பூ நிறம் ஓடியது. ஓடிச் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப்போயிற்று. அதுதான் எட்டியின் விஷம் என்றார்.

முதல் பாலில் கத்தரிப்பூ நன்றாகப் பூத்தது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. மூன்றாவதில் கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. வறுத்த பருப்பில் நிறம் வந்தது, ஆனால் லேசாக. இறந்தவர் வீட்டு மாத்திரையில் எவ்வளவு வந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு.

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் முணுமுணுத்துக்கொண்டே மண்ணில் ஊற்றிய பாலில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என் கை செய்த வேலைக்கு ஒரு நிறம் இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் அன்று அங்கே இருந்தார். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நம்ம பெரியவுக சொன்னது பொய்யில்ல” என்று மட்டும் சொன்னார். கெமிஸ்ட் அதற்குத் தலையாட்டவில்லை. அளவு இன்னும் சரிபார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தைக் கழுவப் போனார்.

அவர் வேலை செய்யும் விதம் என் கோபத்தை மெள்ள மெள்ளக் கரைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இறந்தவர் வீட்டு மாத்திரைகளை அவர் மொத்தமாக அரைத்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் பிளேடால் பாதியாக அறுத்து, ஒரு பாதியைப் பத்திரப்படுத்திவிட்டு மறு பாதியைத் தனித்தனியே சோதித்தார். ஏன் இந்தப் பாடு, ஒரே டப்பாவில் இருந்ததுதானே என்று கேட்டேன். நூறு நல்லதோடு ஒரு கெட்டது கலந்திருந்தாலும் ஆள் செத்திருப்பார், மொத்தமாக அரைத்தால் அந்த ஒன்று தெரியாமல் போய்விடும் என்றார். அதோடு ஒவ்வொரு தடவையும் ஒரு வெறும் கிண்ணத்தையும் சேர்த்து வைப்பார். அதில் மருந்தே இருக்காது. மற்றக் கிண்ணங்களில் ஊற்றிய எல்லாவற்றையும் அதிலும் ஊற்றிப் பார்ப்பார். ஒன்றுமில்லாததில் எதைத் தேடுகிறீர்கள் என்று கேலியாகக் கேட்டேன். “என் திராவகம் பொய் சொல்லுதான்னு பாக்குறேன். நான் கழுவுன கிண்ணம் பொய் சொல்லுதான்னு பாக்குறேன்” என்றார். தன்னைத்தானே சந்தேகப்படும் ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரை முழங்கையால் ஓர் இடி இடித்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

விசாரணை நாளன்று மாஜிஸ்திரேட் கச்சேரியில் ஊரே கூடியிருந்தது. இறந்தவரின் தம்பி முன்வரிசையில். அந்தப் பெண்சாதி ஒரு தூணோரம், முக்காடு போட்டுக்கொண்டு, எலும்பும் தோலுமாக. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் அவளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

கெமிஸ்ட் கூண்டில் ஏறியதும், யாரும் கேட்பதற்கு முன்னால், எங்களுக்குப் பாதகமானதைத்தான் முதலில் சொன்னார். வைத்தியர் அனுப்பிய மாத்திரையில் ஆளைக் கொல்லும் அளவு விஷம் இருக்கிறது என்றார். கச்சேரியில் ஒரு சலசலப்பு. பிறகு முடியைப் பற்றிச் சொன்னார், பாலைப் பற்றிச் சொன்னார், பாதி பாதியாக அறுத்த மாத்திரைகளைப் பற்றிச் சொன்னார். இறந்தவர் வீட்டில் எடுத்தது ஒவ்வொன்றும் சுத்தி செய்த கொட்டையில் உருட்டியது, ஒன்றில்கூட ஒரு ஆளைக் கொல்லும் அளவு இல்லை என்று முடித்தார். மிச்சப் பாதிகள் அரக்கு வைத்தபடி இருக்கின்றன, மதராஸுக்கு அனுப்பி என்னைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சர்க்கார் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து, இறந்தவர் கடைசியாக முழுங்கிய மாத்திரையைச் சோதித்தீர்களா என்று கேட்டார்.

“இல்லை. அது என் கைக்கு வரலை.”

“அப்போது அதில் என்ன இருந்தது என்று உமக்குத் தெரியாது?”

“தெரியாது.”

“அவர் எதனால் செத்தார் என்றாவது தெரியுமா?”

“தெரியாதுங்க. அதை டாக்டரைத்தான் கேக்கணும்.”

ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் குறைந்தா போவார் என்று எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் மாஜிஸ்திரேட் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கெடுதலானதைத் தானாகச் சொன்ன மனிதர் நல்லதை மட்டும் ஏன் இட்டுக்கட்டப்போகிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டரை அழைத்து, இப்படித் தாடை இறுகி வளைந்து சாவதற்கு வேறு என்ன காரணம் உண்டு என்று கேட்டார். டாக்டர் அந்தப் பெண்சாதியைப் பார்த்து, சாவதற்கு முன்னால் உன் புருஷனுக்கு எங்கேயாவது காயம் பட்டதா என்று கேட்டார்.

அவள் தூணைவிட்டு முன்னால் வந்தாள். மாட்டு லாடத்து ஆணி ஒன்று குதிகாலில் ஏறியதாகச் சொன்னாள். நடை வந்தும் மரப்பு முழுக்க விடாத கால், அதனால் அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார், புண் மேலே மூடிக்கூடப் போய்விட்டது என்றாள். யாரும் இதைக் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை. டாக்டர் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார். என் வீட்டுக்காரர் என் காதோரம், “தனுர்வாதம்” என்றார். ஆணிக் காயத்தில் வரும் இசிவு. அன்றைக்குத் தான் ஊரில் இருந்து அந்தக் குதிகாலை ஒரு தரம் பார்த்திருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேஸ் தள்ளுபடி ஆயிற்று. கச்சேரி வராந்தாவில் ஆளாளுக்கு என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார்கள். மண்ணைத் தூற்றும்போது வேடிக்கை பார்த்தவர்கள்தான். நான் கெமிஸ்டைத் தேடிப் போனேன். அவர் படியோரம் தன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண்சாதி என்னைத் தாண்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“அய்யா, அவருக்கு அன்னைக்கு மாத்திரை வேணாம்னாரு. கால்தான் சரியாப் போச்சே, எதுக்குன்னாரு. நாந்தான் வற்புறுத்தி நாக்குல தடவுனேன்” என்றாள். வலது கையை நீட்டிக் காட்டினாள். “இந்தக் கையாலதான் குடுத்தேன். அது அவரக் கொல்லலைங்களா?”

அன்றைக்கு எங்கள் வாசலில் அவள் எதற்காக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. என் புருஷன் ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரா என்று நான் தவித்துக்கொண்டிருந்த நாளெல்லாம், இவள் தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டோமா என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். என் தவிப்புக்கு ஊரும் கச்சேரியும் துணை இருந்தன. இவளுக்கு யாரும் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் என்ன சொல்வார் என்று தெரியும். அந்த மாத்திரையைச் சோதிக்கவில்லை, தெரியாது என்பார். சற்று முன்புதான் சத்தியம் செய்து அப்படிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெறும் கிண்ணத்தைக்கூட நம்பாத ஆள்.

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அவள் கையைப் பார்த்தார். பிறகு, அந்தப் பின்கட்டில் எத்தனையோ நாள் பார்த்தும் நான் பார்க்காத விதத்தில், அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

“இல்ல, தாயி. நீங்க குடுத்தது அவரக் கொல்லல” என்றார்.

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து, தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு, புருஷன் செத்ததற்கு முதன்முதலாக அழுதாள்.